ஒரு அக்டோபர் 6லிருந்து அடுத்த அக்டோபர் 6 வரை: ஹெய்ட்-ஆஷ்பரியின் ஒரு வருடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்கு ஏற்றபடி சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் நாம போகப்போறது சான் பிரான்சிஸ்கோவுக்கு. வருடம் 1966.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எல்.எஸ்.டி., மேஜிக் மஷ்ரூமில் இருக்கும் சைலோசைபின், இந்த இரண்டுமே இந்தியாவில் 1985ஆம் வருட என்.டி.பி.எஸ். சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை. இதையெல்லாம் எடுத்துப் பாருங்கன்னு சொல்ற எபிசோடு இல்ல இது. ஒரு சின்னப் பேட்டையில் ஒரு வருடத்தில் என்ன நடந்ததுங்கிற கதை. அந்தப் பேட்டை ஹெய்ட் தெருவும் ஆஷ்பரி தெருவும் சந்திக்கிற இடம். அதனால பேரே ஹெய்ட்-ஆஷ்பரி.

ஹிப்பிகள்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பூ, தாடி, கிட்டார். நான் இந்த எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பிச்சப்போ எனக்கும் அதுதான் மனசில் இருந்தது. படிக்கப் படிக்க வேற ஒரு கேள்வி பெரிசாகிக்கிட்டே போச்சு: ஒரு சமூகம் திடீர்னு பத்து மடங்கு பெரிசாகும்போது, வர்றவங்களை யார் பாத்துக்கறாங்க?

மலிவான வாடகை

ஹெய்ட்-ஆஷ்பரியில் இருந்தவை பெரிய பெரிய பழைய மரவீடுகள். விக்டோரியா காலத்து வேலைப்பாடு. ஆனால் 1960களில் அவற்றுக்கு மவுசு இல்லை. பக்கத்திலேயே ஒரு பெரிய நெடுஞ்சாலை வரப்போகிறது என்ற பேச்சு பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. பேட்டைவாசிகள் விடாமல் எதிர்த்தார்கள். 1966 மார்ச்சில் நகர சபை ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில், 6க்கு 5 என்று, அந்தத் திட்டத்தைத் தள்ளுபடி செய்தது.

ஆக, ரோடு வரலை. வாடகையும் ஏறலை. பல அறைகள் உள்ள வீட்டை நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கலாம். பக்கத்தில் கல்லூரி இருந்ததால் மாணவர்கள் வந்தார்கள். ஃபில்மோர் பகுதியை மறுசீரமைப்பு என்ற பெயரில் இடித்தபோது வெளியேறிய கறுப்பினக் குடும்பங்கள் வந்தன. இசைக்குழுக்கள் வந்தன. கிரேட்ஃபுல் டெட் குழு ஆஷ்பரி தெரு 710ஆம் எண் வீட்டில் குடியேறியது. 1966 ஜனவரியில் ரான் தெலின், ஜே தெலின் என்ற அண்ணன் தம்பி ஹெய்ட் தெருவில் 'சைகடெலிக் ஷாப்' என்று ஒரு கடை போட்டார்கள். புத்தகம், ஊதுபத்தி, இசைத்தட்டு எல்லாம் கிடைக்கும். வாங்காமல் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டும் போகலாம்.

'சைகடெலிக்' என்ற சொல்லை உருவாக்கியது ஹிப்பிகள் இல்லை, ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். கனடாவில் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்து ஆய்வு செய்தவர். 1950களில் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியுடன் நடந்த கடிதப் போக்குவரத்தில் கிரேக்க வேர்களிலிருந்து இந்தச் சொல்லைச் செய்தார். மனதை வெளிப்படுத்துவது என்று பொருள். எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்தது சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியில் வேலை பார்த்த வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன். 1938இல் தயாரித்தார், 1943இல்தான் அதன் விளைவைத் தன் உடம்பிலேயே உணர்ந்தார். அதற்குப் பிறகு 20 வருடம் அது மருத்துவர்கள் கையில் இருந்த ஆய்வுப் பொருள். எழுத்தாளர் கென் கீஸிக்கே அது முதலில் கிடைத்தது மென்லோ பார்க்கில் ஓர் அரசு மருத்துவமனை ஆய்வில்தான். அந்த ஆய்வுக்குப் பின்னால் சி.ஐ.ஏ. பணம் இருந்தது பிற்பாடு வெளியே வந்தது.

அதாவது, ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் இருக்க எடுத்த ஒரு பொருள், இப்போ தெருவுக்கு வந்துடுச்சு. பொருள் வந்தது. பக்கத்தில் இருந்த ஆள் வரலை. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

சட்டம் வந்த நாள்

1966 ஏப்ரலில் சாண்டோஸ் அமெரிக்காவில் எல்.எஸ்.டி. விநியோகத்தை நிறுத்திக்கொண்டது. மே மாதம் கலிஃபோர்னியா ஆளுநர் பேட் பிரவுன் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது நடைமுறைக்கு வந்த நாள் அக்டோபர் 6.

அன்றைக்குப் பேட்டைக்காரர்கள் மறியல் செய்யவில்லை. பான்ஹேண்டில் என்ற நீளமான பூங்காவில் கூடி, பாட்டுப் போட்டு, ஒரு திருவிழா நடத்தினார்கள். பேர் 'லவ் பேஜன்ட் ராலி'. அதை ஒருங்கிணைத்தவர்கள் 'ஒரேக்கிள்' பத்திரிகைக்காரர்கள். வானவில் நிறங்களில் அச்சாகிப் பிரபலமான அந்தப் பத்திரிகை அப்போதுதான், செப்டம்பரில், தொடங்கியிருந்தது.

நம்ம கதையின் வருடம் இங்கே ஆரம்பிக்குது.

அதே அக்டோபரில், அதே பூங்காவில், இன்னொரு கூட்டமும் வேலையைத் தொடங்கியது. பேர் டிக்கர்ஸ். 1649இல் இங்கிலாந்தில் பொது நிலத்தைத் தோண்டிப் பயிர் செய்த ஏழை விவசாயிகளின் பெயர் அது. இவர்களோ தெருநாடகக்காரர்கள். எம்மெட் க்ரோகன், பீட்டர் பெர்க், பின்னாளில் ஹாலிவுட் நடிகரான பீட்டர் கொயோட்டி, எல்லாரும் இதில் இருந்தார்கள். தினமும் சாயந்திரம் நாலு மணிக்கு இலவசச் சாப்பாடு. சந்தையில் மிஞ்சிய காய்கறியைக் கேட்டு வாங்கி வந்து சமைத்தார்கள். காலி காபி டப்பாவில் மாவை ஊற்றி கோதுமை ரொட்டி சுட்டார்கள். இலவசக் கடை ஒன்றும் நடத்தினார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது.

அன்னதானம்தானே, இதில் என்ன புதுசுன்னு நமக்குத் தோணும். ஆனா இவங்க கணக்கு வேற. நாளைக்கு ஆயிரம் பேர் வந்தா எத்தனை டப்பா ரொட்டி வேணும்னு யோசிச்சவங்க அந்தப் பேட்டையிலேயே இவங்கதான்.

அழைப்பு போய்ச் சேர்ந்தது

1967 ஜனவரி 14. கோல்டன் கேட் பூங்காவில் 'ஹியூமன் பீ-இன்'. 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். கவிஞர்கள் ஆலன் கின்ஸ்பெர்க், கேரி ஸ்னைடர் மந்திரம் ஓதினார்கள். ஹார்வர்டிலிருந்து நீக்கப்பட்ட டிமோதி லியரி பேசினார். காணாமல் போன குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ், அதாவது முரட்டு மோட்டார்சைக்கிள் கும்பல்!

அடுத்த நாள் முதல் நாடு முழுக்க அந்தப் புகைப்படங்கள் போயின. அதற்கப்புறம் யாரும் தனியாக அழைப்பு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஏப்ரலில் சுற்றுலா பஸ் கம்பெனி ஒன்று ஹிப்பிகளைப் பார்க்க டூர் ஓட்ட ஆரம்பித்தது. பேட்டைப் பசங்க பஸ் பக்கத்தில் நின்று, ஜன்னலுக்கு நேராகக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தங்கள் முகத்தையே பார்த்துக்கட்டும் என்று. மே மாதம் ஸ்காட் மெக்கென்ஸியின் 'சான் பிரான்சிஸ்கோ' பாட்டு வெளியானது. ஊரெல்லாம் ஹிட்.

கல்லூரி லீவு விட்டதும் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. மேயர் ஜான் ஷெல்லி இந்த வருகையை வரவேற்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பேட்டைக்குள்ளேயும் சண்டை. கடைக்காரர்களும் ஒரேக்கிள்காரர்களும் கோடையை ஒரு பெரிய அன்பு விழாவாகக் கற்பனை செய்தார்கள். 'சம்மர் ஆஃப் லவ்' என்று பேர் வைத்தார்கள். அதே ஏப்ரலில் செஸ்டர் ஆண்டர்சன் என்பவர் கெஸ்டெட்னர் சைக்ளோஸ்டைல் மெஷினில் ஒரு நோட்டீஸ் அடித்துத் தெருவில் விநியோகித்தார். வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு 16 வயதுப் பெண்ணுக்கு ஹெய்ட் தெருவில் நடந்த பாலியல் கொடுமையை அதில் எழுதியிருந்தார். நீங்கள் விளம்பரம் பண்ணி வரவழைக்கிறீர்கள், வந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்பதுதான் கடைக்காரர்கள் மேலும் பத்திரிகை மேலும் அவர் வைத்த குற்றச்சாட்டு.

இதை வெளியிலிருந்து ஒரு விரோதி எழுதலை. உள்ள இருந்த ஆள் எழுதினது. அந்த வருஷத்தின் எல்லாக் காகிதத்திலும் என்னை அதிகமா உலுக்கினது இந்த ஒரு நோட்டீஸ்தான்.

கிளேட்டன் தெரு 558

அந்தக் கோடையில் 75,000 முதல் 1,00,000 பேர் வரை அந்தப் பேட்டைக்கு வந்துபோனதாகக் கணக்குச் சொல்கிறார்கள். பலர் 20 வயதைக்கூடத் தொடாதவர்கள். கையில் காசு கிடையாது, தங்க இடம் கிடையாது. ஒரே அறையில் பத்துப் பேர் படுத்தார்கள். நிமோனியா, மஞ்சள் காமாலை, பால்வினை நோய், வெறுங்காலோடு நடந்து கண்ணாடி குத்திய புண், சொத்தைப் பல், இதெல்லாம் வந்தது. இது போக, எல்.எஸ்.டி. எடுத்துவிட்டுப் பயத்தில் அலறுகிறவர்கள். அந்த நிலை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமே? போக மாட்டார்கள். போனால் போலீஸுக்குத் தகவல் போகும், அப்பா அம்மாவுக்கு போன் போகும் என்று பயம். அதோடு, டாக்டர் முதலில் திட்டுவார், அப்புறம்தான் நாடி பிடிப்பார்.

டேவிட் ஸ்மித் அப்போது 28 வயது மருத்துவர். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவம் படித்து, நச்சியல் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆம்ஃபெட்டமின் கொடுத்த எலிகளை ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிட்டு, ஹெய்ட் பகுதியிலிருந்த தன் வீட்டுக்கு நடந்து வருவார். ஒரு கட்டத்தில், எலிகளிடம் பார்த்ததையே வழியில் மனிதர்களிடமும் பார்க்கத் தொடங்கினார்.

1967 ஜூன் 7ஆம் தேதி, கிளேட்டன் தெரு 558ஆம் எண்ணில், முன்பு பல் மருத்துவர் ஒருவர் இருந்த இடத்தில், ஹெய்ட்-ஆஷ்பரி இலவச கிளினிக் திறந்தது. முதல் நாளே 250 பேர். டாக்டர், நர்ஸ் எல்லாரும் சம்பளமில்லாமல் வந்தவர்கள். மருத்துவம் என்பது உரிமை, காசிருப்பவனுக்குக் கிடைக்கிற சலுகை இல்லை என்பது அவர்கள் கொள்கை. வாசலிலேயே விதியும் எழுதியிருந்தது: உள்ளே விற்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. அதற்கு மேல் உபதேசம் இல்லை.

அங்கே ஒரு அமைதியான அறை இருந்தது. பயந்துபோய் வர்றவங்களை அங்கே உட்கார வைப்பார்கள். கட்டிப் போட மாட்டார்கள். ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஒரு மருந்து எடுத்திருக்கே, அதனாலதான் இப்படி இருக்கு, இது இறங்கிடும், நான் இங்கயே இருக்கேன்" என்ற மாதிரி மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பார். டாக்டராகத்தான் இருக்கணும்னு இல்லை. பொறுமை இருந்தால் போதும்.

நான் முன்னாடி சொன்னேனே, பொருள் தெருவுக்கு வந்தது, பக்கத்தில் இருந்த ஆள் வரலைன்னு? அந்த ஆள் வந்து சேர்ந்தது இந்த அறையில்தான்.

இந்த வேலையின் அருமை இரண்டே வாரத்தில் தெரிந்தது. ஜூன் 21 கோடைவிழாவில் எஸ்.டி.பி. என்ற புது மாத்திரை ஆயிரக்கணக்கில் விநியோகமானது. அதன் வேகம் மெதுவாக ஏறும். ஒன்றும் ஆகலையே என்று சிலர் இன்னொன்றையும் விழுங்கினார்கள். அப்புறம் ஏறியது நாள் கணக்கில் இறங்கவில்லை. பலர் அவசர சிகிச்சைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கொடுக்கும் குளோர்ப்ரோமசின் மருந்து இதற்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகிறது என்பதை கிளினிக் டாக்டர்கள் கவனித்து எழுதினார்கள். என்ன மாத்திரை விற்கிறது, யாருக்கு என்ன ஆகிறது என்று அவர்களுக்கு உடனே தெரிந்தது, ஏன்னா பசங்க அவங்ககிட்ட உண்மையைச் சொன்னாங்க.

கிளினிக் தனியாகவும் இல்லை. ஓடிவந்த சிறுவர்களுக்காக அதே ஜூனில் ஹக்கிள்பெரி ஹவுஸ் தொடங்கியது. படுக்க இடம் தேடுபவர்களுக்கும், பிள்ளையைத் தேடும் பெற்றோருக்கும் தகவல் சொல்ல ஸ்விட்ச்போர்ட் என்ற தொலைபேசிச் சேவை இருந்தது. கைதானவர்களுக்கு உதவ இரண்டு இளம் வக்கீல்கள் ஒரு சட்ட அமைப்பை நடத்தினார்கள்.

இந்தியா எங்கே வருது?

இந்தக் கதையில் நம்ம ஆட்களும் இருக்காங்க. 1967 தொடக்கத்தில் பிரபுபாதா ஃப்ரெடரிக் தெருவில் ராதாகிருஷ்ணர் கோயில் தொடங்கினார். கஞ்சாவும் எல்.எஸ்.டி.யும் பழகிய பசங்களிடம், டீகூடக் குடிக்காதே என்று சொன்ன சாமியார் அவர். ஜூன் மாதம் மான்டரே இசைவிழாவில் ரவிசங்கர் ஒரு மதியம் முழுக்க சிதார் வாசித்தார். தன் இசையைப் போதையோடு சேர்த்துக் கேட்காதீர்கள் என்று அவர் அந்த வருடங்களில் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆகஸ்ட் 7ஆம் தேதி பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் ஹெய்ட் தெருவைப் பார்க்க வந்தார். ஞானம் தேடும் கலைஞர்களை எதிர்பார்த்து வந்தவர், தெருவில் கிடந்த பசங்களைப் பார்த்து நொந்துபோனார். எல்.எஸ்.டி.யை விட்டுவிட்டுத் தியானத்தின் பக்கம் திரும்ப அது ஒரு காரணம் என்று பின்னாளில் சொன்னார்.

சவப்பெட்டி

ஆகஸ்டில் நிலைமை கைமீறியது. எல்.எஸ்.டி. விற்றவர்கள் இருந்த இடத்தில் ஆம்ஃபெட்டமினும் ஹெராயினும் வந்தன. போதை விற்ற இரண்டு பேர் ஒரே வாரத்தில் கொலையானார்கள். செப்டம்பரில் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் ஜோன் டிடியன் எழுதிய கட்டுரை வந்தது. அந்த வசந்தத்தில் அவர் ஹெய்டில் தங்கிப் பார்த்தவை. கட்டுரை கிட்டத்தட்ட முடிகிற இடத்தில், எல்.எஸ்.டி. கொடுக்கப்பட்ட ஒரு 5 வயதுக் குழந்தை வருகிறது. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

செப்டம்பர் இறுதியில் காசில்லாமல் கிளினிக்கும் மூடியது. ராக் குழுக்கள் நிதிக் கச்சேரி நடத்திக் கொடுத்த பணம் தீர்ந்துபோயிருந்தது.

1967 அக்டோபர் 6. சட்டம் வந்து சரியாக ஒரு வருடம். பேட்டையில் மிச்சமிருந்தவர்கள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 'ஹிப்பியின் மரணம்' என்று பேர். ஹிப்பி என்பது பத்திரிகைகள் பெற்ற பிள்ளை, அவன் செத்துவிட்டான், இனிமேல் இங்கே வராதீர்கள், உங்கள் ஊரிலேயே உங்கள் வேலையைச் செய்யுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன சேதி. கடனில் மூழ்கியிருந்த சைகடெலிக் ஷாப்பும் கதவை மூடியது.

எண்ணிக்கையை வச்சுப் பார்த்தா, இது பெரிய வளர்ச்சி. ஆயிரக்கணக்கில் தொடங்கி லட்சத்தை நெருங்கியது. ஒரே வருஷம். அந்த வளர்ச்சியைக் கொண்டாடினவங்களே கடைசியில் அதுக்குப் பாடை கட்டினாங்க.

மிஞ்சியது என்ன?

கிளினிக் மிஞ்சியது. அக்டோபரிலேயே மறுபடி திறந்தார்கள். அடுத்த வருடம் நாடெங்கும் இருந்த இலவச கிளினிக்குகளுக்கு ஒரு கூட்டமைப்பை ஸ்மித் தொடங்கினார். 1967இல் அவர்கள் ஆரம்பித்த ஆய்விதழ் பேர் மாறி இன்னும் வருகிறது. 1973இல் அங்கிருந்து 'ராக் மெடிசின்' பிறந்தது. பெரிய கச்சேரிகளில் மருத்துவக் கூடாரம் போட்டு மயங்கினவர்களைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்கள். 2011இல் கிளினிக் இன்னொரு அமைப்போடு இணைந்து, ஹெல்த்ரைட் 360 என்ற பெயரில் தொடர்கிறது. ஸ்மித் 1971இல் ஜான் லூஸுடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தின் பெயர் 'லவ் நீட்ஸ் கேர்'. அன்புக்குப் பராமரிப்பு வேணும் என்று அர்த்தம்.

இப்போ இதை ஏன் பேசறோம்? சைகடெலிக் மறுபடி வந்திருக்கு, இந்தத் தடவை 'வெல்னஸ்' என்ற பேரில். 2020 நவம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் ஓட்டெடுப்பு நடத்தி, சைலோசைபின் மையங்களை அனுமதித்தது. 2023இல் யூஜீன் நகரில் முதல் மையம் திறந்தது. 21 வயது ஆகியிருக்கணும். காளானை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பயிற்சி பெற்ற ஒருவர் முழு நேரமும் கூடவே இருக்கணும் என்று சட்டமே சொல்கிறது. கிளேட்டன் தெருவின் அந்த அமைதியான அறை, 56 வருடம் கழித்து அரசாங்க விதியாகிவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம். கிளேட்டன் தெருவில் அந்த அறை இலவசம். ஆரிகனில் ஒரு அமர்வுக்குப் பல இடங்களில் ஆயிரம் டாலருக்கு மேல். பக்கத்தில் உட்கார ஆள் வந்தாச்சு, ஆனா யாரால கூப்பிட முடியுதுங்கிறது இன்னைக்கு இருக்கிற கேள்வி.

நம்ம பக்கம் வந்தா, கொடைக்கானலில் காளான் விற்றவர்கள் கைது என்கிற செய்தியை நீங்க அடிக்கடி பாத்திருப்பீங்க. அங்கே பொருள் இருக்கு, தேடி வர்ற கூட்டம் இருக்கு, போலீஸும் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பையன் ஹோட்டல் ரூமில் பயந்து நடுங்கினா, கேஸாகும்னு நினைக்காம அவன் நண்பர்கள் கூட்டிட்டுப் போக ஒரு இடம் இருக்கா? இந்தத் தடைச் சட்டம் சரியா தப்பாங்கிற விவாதம் தனியா நடக்கட்டும். அந்த இடம் எந்த விவாதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 1967இல் தடை அமலில் இருக்கும்போதேதான் அந்தக் கிளினிக் திறந்தது.

அதனால, உள்வெளிச்சம், ஹீலிங், கம்யூனிட்டின்னு எந்த அமைப்பு உங்களைக் கூப்பிட்டாலும், அது சைகடெலிக்காத்தான் இருக்கணும்னு இல்ல, தியான முகாமாகூட இருக்கலாம், எத்தனை பேர் சேர்ந்திருக்காங்கன்னு கேக்காதீங்க. உடைஞ்சுபோனவங்களை அங்கே யார் பாத்துக்கறாங்க, அவங்க பேர் என்னன்னு கேளுங்க. பதில் சொல்ல ஆள் இல்லைன்னா, வாசலோட திரும்பிடுங்க.

அவ்வளவுதான் இந்த வாரம். உங்களுக்குத் தோணினதை எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.